‘ஹம் லோக்’ எழுதிய மனோகர் ஷ்யாம் ஜோஷி



இன்று ஆகஸ்ட் 9. இந்தத் தேதியைச் சொன்னதும் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம், 1942 என்று முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். நாகசாகி, 1945 என்று இன்னொரு குரல் வரும். இரண்டும் சரிதான். இன்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1933 ஆகஸ்ட் 9 அன்று ராஜஸ்தானின் அஜ்மீரில் மனோகர் ஷ்யாம் ஜோஷி பிறந்தார்.

“யார் டீச்சர் அவர்?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு பத்தரை வரை நம் வீடுகளில் ஓடுகிறதே தொலைக்காட்சித் தொடர், அந்த வகைக்கு இந்தியாவில் பிள்ளையார் சுழி போட்டவர் அவர். 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடரை எழுதியவர். உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வெள்ளை முடியோடு வந்து பேசுவாரே நடிகர் அசோக் குமார், அவர் முகமும் நினைவிருக்கும். எழுதியவர் பெயர் மட்டும் யாருக்கும் நினைவிருக்காது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

ஜோஷியின் குடும்பம் இமயமலை அடிவாரத்துக் குமாவூன் பகுதியைச் சேர்ந்தது. அல்மோராதான் பூர்வீகம். தந்தை கல்வியாளர், இசை அறிஞரும்கூட. ஜோஷி லக்னோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தார். படிக்கும்போதே ‘நாளைய விஞ்ஞானி’ என்ற பாராட்டுப் பட்டமும் பெற்றார். ஆனால் பட்டம் வயிற்றை நிரப்புமா? மாணவப் பருவத்திலேயே பிழைப்புக்காகப் பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்தார். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர் (ஆமாம், நம்ம இனம்தான்!), கொஞ்ச காலம் குமாஸ்தா, கொஞ்ச காலம் வேலையில்லாத வாலிபர். 21 வயதில், இனி எழுத்துதான் சோறு என்று முடிவு செய்துவிட்டார்.

அவருக்கு வாய்த்த இரண்டு குருமார்களும் பெரியவர்கள். ஒருவர் லக்னோவில் வாழ்ந்த நாவலாசிரியர் அமிர்தலால் நாகர். மற்றவர், இந்தி நவீன இலக்கியத்தின் பெரும்புள்ளியான அக்ஞேய. ஜோஷி வானொலிக்கு எழுதினார், அரசின் பிலிம்ஸ் டிவிஷனுக்காக ஆவணப்படங்களுக்கு எழுதினார், ‘தினமான்’ வார இதழில் அக்ஞேயவின் கீழ் பணியாற்றினார். 1967 இல், 34 வயதில், ‘சாப்தாஹிக் ஹிந்துஸ்தான்’ என்ற வார இதழின் ஆசிரியர் ஆனார். நம் ஊரில் ஆனந்த விகடன், கல்கி போல இந்தி வீடுகளில் குடும்பத்தோடு படித்த இதழ் அது. பதினேழு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

நாவல் எழுத்தில் அவர் நிதானமானவர். முதல் நாவல் ‘குரு குரு ஸ்வாஹா’ 1980 இல்தான் வந்தது, அப்போது அவருக்கு வயது 47. பம்பாயில் நடக்கும் கதை. கதாநாயகனுக்கும் மனோகர் ஷ்யாம் ஜோஷி என்றே பெயர் வைத்து, அந்த ஒரே ஆளுக்குள் மூன்று ஆட்கள் குடியிருந்து ஒருவரை ஒருவர் கேலி செய்வதுபோல எழுதினார். 1982 இல் ‘கஸப்’ வந்தது. குமாவூனி மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘யாருக்குத் தெரியும்’ என்று பொருள். இன்றும் இந்தி வாசகர்கள் விரும்பிப் படிக்கும் காதல் கதை அது. ஆக, 1984 இல் தொலைக்காட்சி அவரைத் தேடி வந்தபோது அவர் வாய்ப்புக்காக அலைந்துகொண்டிருந்தவர் அல்ல. நல்ல பதவியும் இலக்கியத்தில் மரியாதையும் உள்ள, ஐம்பதைத் தாண்டிய மனிதர்.

தொலைக்காட்சி ஏன் அவரைத் தேடியது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 இல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15 அன்று. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தது. 1983 இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போனது. 1984 இல் ஊர் ஊராக ஒளிபரப்புக் கோபுரங்கள் எழும்பின. பெட்டி வந்துவிட்டது. அதில் என்ன காட்டுவது? விவசாயிகளுக்கு உரம் பற்றி, தாய்மார்களுக்குத் தடுப்பூசி பற்றி அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள். மக்கள் வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்த்துவிட்டுப் பெட்டியை அணைத்துவிட்டுப் போனார்கள்.

அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் வசந்த் சாதே 1982 இல் மெக்சிகோ போனார். அங்கே மிகேல் சபிடோ என்பவர் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். அழுகையும் காதலும் சண்டையுமாக ஓடும் குடும்பத் தொடருக்குள் எழுத்தறிவையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் வைத்து எழுதுவது. 1975 இல் அவர் எடுத்த தொடரில் முதியோர் கல்வி வகுப்புக்குப் போகும் பெரியவர்களின் கதை வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பாடப்புத்தகம் கேட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

சபிடோவின் முறையை நம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலேயே பாடமாக வைக்கலாம். கதையில் மூன்று வகை ஆட்கள் வேண்டும். நல்ல வழியில் போகிறவர், கெட்ட வழியில் போகிறவர், இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவர். பார்ப்பவர்கள் மனம் அந்தத் தடுமாறுகிறவரோடுதான் ஒட்டிக்கொள்ளும். அவர் திருந்தும்போது பார்ப்பவரும் கொஞ்சம் நகர்வார். பகுதியின் முடிவில் மக்கள் மதிக்கும் ஒருவர் வந்து, இன்று நடந்ததை வாழ்க்கையோடு சேர்த்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். நம் ஊரில் அந்த வேலைக்குத்தான் அசோக் குமார் வந்தார்.

டெல்லியில் துறைச் செயலாளராக இருந்த எஸ்.எஸ்.கில் ஒரு குழுவை அமைத்தார். தயாரிப்புப் பொறுப்பு ஷோபா டாக்டர், இயக்கம் பி.குமார் வாசுதேவ், எழுத்து மனோகர் ஷ்யாம் ஜோஷி. இதற்காக ஜோஷி பத்திரிகை ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தார். மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். இந்தியாவில் அதுவரை யாரும் செய்யாத வேலை. முன்மாதிரி கிடையாது. ஒரு பகுதி ஒளிபரப்பாகும்போதே அடுத்தடுத்த பகுதிகளுக்குப் பக்கங்கள் தயாராக வேண்டும். தோற்றால் திரும்பிப் போக நாற்காலியும் இல்லை.

‘ஹம் லோக்’ என்றால் ‘நாம்’ என்று பொருள். ‘நம்ம ஜனங்க’ என்றால் இன்னும் பொருத்தம். கீழ்நடுத்தரக் குடும்பம் ஒன்று, சின்ன வீடு, மூன்று தலைமுறை. குடிக்கும் அப்பா பசேசர் ராம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் அம்மா பகவந்தி. கண்டிப்பான தாத்தா, வாயாடிப் பாட்டி. வேலை தேடி அலையும் மூத்த மகன் லல்லு. கிரிக்கெட் கனவில் மிதக்கும் இளையவன் நன்ஹே. மூன்று பெண்கள் பட்கி, மஜ்லி, சுட்கி. நம் வீடுகளில் பெரியவள், நடுவுள்ளவள், சின்னக்குட்டி என்பதுபோலத்தான். பெரியவள் பொறுப்பானவள். நடுவுள்ளவளுக்கு சினிமா ஆசை, பம்பாய்க்குப் போய் ஏமாந்து அவதிப்படுகிறாள். சின்னவளுக்கு டாக்டராக வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

முதல் பதின்மூன்று பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய செய்தியைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். அரசு கேட்டது அதைத்தான். மக்கள் முகம் சுளித்தார்கள். கதை நகரவில்லை, பிரசாரம்தான் நடக்கிறது என்று கடிதங்கள் வந்தன. பயிற்சியில் நாங்கள் எழுதிய பாடக்குறிப்பேடு உங்களில் ஆசிரியரான பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். ‘பாடத்தின் நோக்கம்’ என்று மேலே ஒரு கட்டம் இருக்கும். அது ஆசிரியருக்காக எழுதுவது. அதையே உரக்கப் படித்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் ஜன்னல் வழியே காக்காயைப் பார்ப்பார்கள். ‘ஹம் லோக்’ தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

ஜோஷி அந்தக் கடிதங்களைப் புறக்கணிக்கவில்லை. நேரடிப் புத்திமதியைக் குறைத்தார். குடும்பக் கட்டுப்பாட்டைப் பின்னால் தள்ளி, மாமியார் மருமகள் உறவு, வரதட்சணை, பெண்களின் நிலை, குடி, வேலையின்மை, மொழிகளுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான ஒற்றுமை என்று வீட்டுக்குள் புகுந்தார். பாத்திரங்களைச் சண்டை போட விட்டார், பொய் சொல்ல விட்டார், சிரிக்க விட்டார். தொடர் அதன் பிறகுதான் நிமிர்ந்தது. பதினேழு மாதம், 150 பகுதிகளுக்கு மேல் ஓடி 1985 டிசம்பரில் முடிந்தது. அசோக் குமாருக்கு மட்டும் 4 லட்சம் கடிதங்கள் வந்தன. பட்கிக்கும் டாக்டர் அஸ்வினிக்கும் தொடரில் கல்யாணம் நடந்த அன்று வட இந்தியாவில் பல கடைகளைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள். எவரெட் ரோஜர்ஸ், அர்விந்த் சிங்கால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தத் தொடரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பார்த்தவர்கள் எண்ணிக்கை சுமார் 5 கோடி என்பது அவர்கள் கணக்கு.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை? இந்தி நிகழ்ச்சி தொடங்கியதும் பெட்டியை அணைப்பதுதான் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். 1965 ஐ நேரில் பார்த்த பெரியவர்கள் இருந்த வீடுகளில் கேட்கவே வேண்டாம். நான் அப்போது செங்கல்பட்டுப் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் தெருவில் ஒரே வீட்டில்தான் சாலிடேர் பெட்டி, கறுப்பு வெள்ளை. தட்சிண பாரத் இந்தி பிரசார சபையில் ‘ராஷ்டிரபாஷா’ வரை நான் பாஸ் செய்திருந்ததால், அந்தக் கூடத்தில் மொழிபெயர்ப்பு என் வேலை. “என்ன சொல்றான் டீச்சர்? ஏன் அழறா?” என்று நாலு பக்கமும் கேட்பார்கள். நான் பாதி புரிந்து பாதி ஊகித்துச் சொல்வேன். அப்படியும் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். குடிகாரன் வீட்டுக்கு வரும் காட்சிக்கு மட்டும் யாரும் மொழிபெயர்ப்புக் கேட்டதில்லை.

அங்கே ஒரு அக்கா தினமும் வருவார். பகவந்தி திட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் சப்பாத்தி தேய்ப்பதைப் பார்த்து, “பாருங்க டீச்சர், பொம்பளைன்னா இப்படி இருக்கணும். வாயே தொறக்க மாட்டேங்கறா பாருங்க” என்பார். அந்த அக்கா வீட்டிலும் ஒரு பசேசர் ராம் இருந்தார். தெருவுக்கே தெரியும். அக்காவின் மடியில் சாய்ந்துகொண்டு பார்க்கும் அவர் மகளுக்கோ பகவந்தி மீது ஒரு ஈர்ப்பும் கிடையாது. “சுட்கி இன்னிக்கு வருவாளா டீச்சர்?” என்றுதான் கேட்பாள். டாக்டராகப் போகும் சின்னக்குட்டி.

வருடங்கள் கழித்து ரோஜர்ஸும் சிங்காலும் கண்டதைப் படித்தபோது எனக்கு அந்தக் கூடம்தான் நினைவுக்கு வந்தது. பகவந்தியை ‘இப்படி இருக்காதீர்கள்’ என்று காட்டுவதற்காகப் படைத்தார்கள். அடங்கிப் போகும் பெண்ணின் கஷ்டத்தைக் காட்டினால் பார்ப்பவர்கள் மாறுவார்கள் என்பது திட்டம். ஆனால் பார்த்தவர்களில் கணிசமானோர், பெண்களும்கூட, அவளை உத்தமப் பெண்ணாக, பின்பற்ற வேண்டிய உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே கதை, ஒரே பெட்டி. தாய் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு போனாள், மடியில் இருந்த மகள் வேறு பாடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜோஷியின் வாழ்க்கையில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். புத்தி சொன்னால் கேட்க மாட்டார்கள், கதையாகச் சொன்னால் கேட்பார்கள் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். முப்பது வருடம் வகுப்பில் நின்றவள் என்ற முறையில் நானும் அதைச் சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கதைக்குள் வைத்த பாத்திரத்துக்கு உண்மையாகவே உயிர் வந்துவிட்டால், அது எழுதியவர் பேச்சையும் அரசாங்கத்தின் பேச்சையும் கேட்காது. பார்ப்பவர் வீட்டுக்குள் போய் அங்கிருக்கும் நியாயத்தோடு சேர்ந்துகொள்ளும். பகவந்தி வெறும் அட்டைப் பொம்மையாக இருந்திருந்தால் அந்த அக்கா அவளைத் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். ஜோஷி அவளை நன்றாக எழுதியதுதான் வம்பு.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தொடருக்கு விளம்பர ஆதரவு தந்தது மேகி நூடுல்ஸ். அப்போது இந்தியாவுக்கே புதிய பண்டம். இரண்டு நிமிடத்தில் தயார் என்ற அந்த விளம்பரம் ‘ஹம் லோக்’கின் தோளில் ஏறி வீடு வீடாகப் போனது. இதைப் பார்த்த மற்றக் கம்பெனிகள் தூர்தர்ஷன் வாசலில் வரிசையில் நின்றன. விளம்பரதாரர் பணத்தில் தொடர் எடுப்பது என்ற வழி அங்கேதான் பிறந்தது. சின்னக் குடும்பம் பற்றிச் சொல்ல வந்த தொடர், கடைசியில் ஒரு வியாபார முறைக்கே அஸ்திவாரம் போட்டுவிட்டது. இன்று நம் கூடத்தில் நடக்கும் எல்லாத் தொடர்களும், நடுவில் வரும் சோப்பு விளம்பரம் உட்பட, அந்த வழியில் வந்தவைதான்.

‘அஸ்திவாரம்’ என்றதும் அடுத்த தொடர் வருகிறது. ‘புனியாத்’ என்றால் அஸ்திவாரம். 1986 இல் தொடங்கியது. இயக்கம் ரமேஷ் சிப்பி, ஜோதி ஸரூப். ரமேஷ் சிப்பி யார் என்று தெரியும் அல்லவா? ‘ஷோலே’ எடுத்தவர். லாகூரில் வாழ்ந்த ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் கதை. 1916 இல் தொடங்கி, பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து, டெல்லி வந்து மறுபடி வேர் பிடித்து, 1978 வரை போகிறது. பெரிய அரசியல் தலைவர்களின் வரலாறாக இல்லாமல் ஒரு வீட்டின் வரலாறாகப் பிரிவினையைச் சொன்னார் ஜோஷி. அகதிகளாக வந்த தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. தங்கள் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைப் பார்த்தது.

எனக்கு ‘புனியாத்’ இன்னும் நெருக்கம். அதன் நாயகன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மாஸ்டர் ஹவேலி ராம். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். ஆலோக் நாத் நடித்தார். அவருக்கு அப்போது முப்பது வயதுதான். வாலிபராக வந்து முதியவராகும்வரை அவரே நடித்தார். மனைவி லாஜோவாக அனிதா கன்வர். சத்தியாகிரகம், சீர்திருத்தம் என்று பேசும் மாஸ்டர்ஜி சொந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அதே கொள்கையைக் கேட்க முடியாமல் தவிப்பார். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு பிள்ளைகளுக்கு வியாபாரமும் வசதியும்தான் பெரிதாகத் தெரியும். அப்பா சொன்ன சொல் வேறு, பிள்ளைகள் எடுத்துக்கொண்டது வேறு. ‘ஹம் லோக்’கில் தற்செயலாக நடந்ததை இங்கே ஜோஷி கதையாகவே எழுதிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான்.

ஜோஷி பஞ்சாபி அல்ல, மலைநாட்டு மனிதர். ஆனாலும் லாகூர்க் குடும்பத்தின் பேச்சு அவர் பேனாவில் வந்தது. எந்த ஊர்ப் பேச்சையும் பிடித்துக்கொள்ளும் காது அவருக்கு. தட்டச்சாளரிடம் சொல்லச் சொல்ல எழுதும் பழக்கம் உள்ளவர் என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். வசனம் வாயில் பிறந்தால்தான் காதில் நிற்கும் போலிருக்கிறது. 1988 இல் வந்த ‘கக்காஜி கஹின்’ அரசியல்வாதிகளைக் கிழித்துத் தோரணம் கட்டிய தொடர். வெற்றிலை மென்றபடி பேசும் உத்தரப் பிரதேசத்து அரசியல்வாதியாக ஓம் புரி நடித்தார், இயக்கம் பாசு சட்டர்ஜி. அடுத்து ‘முங்கேரிலால் கே ஹஸீன் சப்னே’, இயக்கம் பிரகாஷ் ஜா. ஒன்றுக்கும் உதவாத ஒரு குமாஸ்தா பகல் கனவில் மட்டும் ராஜாவாக வாழ்வான். ரகுவீர் யாதவ் நடித்தார். வடக்கே இன்றும் பகல் கனவு காண்பவனை முங்கேரிலால் என்றுதான் கேலி செய்கிறார்கள். ஒரு காலத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் எழுதியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1992 இல் ‘ஹம்ராஹி’. மறுபடியும் சமூகச் செய்தி உள்ள தொடர். ‘ஹம் லோக்’கில் கற்ற பாடம் இதில் தெரியும். அங்கூரி என்ற சிறு பெண்ணுக்குப் படிக்கும் வயதில் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். பிரசவத்தில் அவள் இறந்துபோகிறாள். ‘இளம் வயதுத் திருமணம் கூடாது’ என்று யாரும் மேடையேறிச் சொல்லத் தேவையில்லை. பகவந்தியைப் பார்த்து “பொம்பளைன்னா இப்படி இருக்கணும்” என்று சொல்ல முடிந்தது. அங்கூரியைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

நம் ஊரோடு ஒரு தொடர்பும் உண்டு. கமல்ஹாசனின் ‘ஹே ராம்’ 2000 ஆம் ஆண்டு தமிழிலும் இந்தியிலும் வந்ததே, அதன் இந்தி வசனம் மனோகர் ஷ்யாம் ஜோஷி. பிரிவினைக் கலவரத்தில் தொடங்கும் படத்துக்கு ‘புனியாத்’ எழுதியவரைவிடப் பொருத்தமானவர் யார்? அதற்கு முன்பே ‘அபூர்வ சகோதரர்கள்’ இந்தியில் ‘அப்பு ராஜா’ ஆனபோதும் அதன் எழுத்தில் அவர் பங்கு உண்டு.

இவ்வளவு செய்தவரை இலக்கிய உலகம் எப்படிப் பார்த்தது? தொடர் எழுதுகிறவர் என்றால் இலக்கியக்காரர்களுக்கு ஒரு இளக்காரம் இருக்கும். நம் ஊரிலும் அது உண்டு. ‘கஸப்’ வந்து 12 ஆண்டுகள் கழித்து, 1994 இல்தான் அடுத்த நாவல் ‘ஹரியா ஹெர்க்குலிஸ் கீ ஹைரானி’ வந்தது. இடையில் நாவலுக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று கணக்குப் போடத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் எழுதியதைக் கேட்டவர்கள் எத்தனை கோடி என்ற கணக்கையும் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனை பேர் அதில் இருந்திருப்பார்கள்! அவர்களுக்கு ‘கஸப்’ எட்டியிருக்காது. பகவந்தி எட்டினாள்.

கடைசியில் இலக்கியமும் அவரைக் கைவிடவில்லை. ‘க்யாப்’ என்ற நாவலுக்கு 2005 ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அதுவும் ஒரு குமாவூனிச் சொல்தான். விசித்திரமானது, பிடிபடாதது என்று பொருள். உலகமெல்லாம் சுற்றிய பிறகும் தலைப்புக்கு அம்மா பேசிய மொழிக்குத்தான் போனார். விருது வந்து சில மாதங்களில், 2006 மார்ச் 30 அன்று டெல்லியில் காலமானார். வயது 72.

அவர் விட்டுச்சென்ற புத்தகங்களில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். திரைக்கதை எழுதுவது எப்படி என்று இந்தியில் ஓர் அறிமுக நூல் எழுதியிருக்கிறார். தன் தொழில் ரகசியத்தைப் பாடப்புத்தகமாக எழுதிவைத்துவிட்டுப் போனவரை எனக்குப் பிடிக்காமல் இருக்குமா? என் பழைய மாணவி ஒருத்தி இப்போது சென்னையில் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறாள். ஒரு நாளில் இத்தனை காட்சி முடித்துத் தர வேண்டும் என்று நெருக்கடி. “சீரியல்தானே எழுதறே” என்று சொந்தக்காரர்களே சிரிக்கிறார்களாம். அவளிடம் ஜோஷியைப் பற்றித் தொலைபேசியில் சொன்னேன். நீ எழுதும் மருமகள் வாயை மூடிக்கொண்டு அழுதால், எங்கோ ஒரு கூடத்தில் யாரோ அதைப் பார்த்து “இப்படித்தான் இருக்கணும்” என்று தன் மகளிடம் சொல்லுவார்கள், அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எழுது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அதெல்லாம் சேனல்ல முடிவு பண்றது டீச்சர். ஆனா யோசிக்கறேன்” என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஜோஷிக்கு அரசாங்கம், இவளுக்குச் சேனல். மேலே ஒருவர் எப்போதும் இருப்பார். அதற்குள்தான் எழுத வேண்டும்.

பிள்ளைகளே, இன்று இரவு தொடர் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். பாட்டு ஓடும் நேரத்தில் எழுத்தில் வரும் பெயர்களைப் படியுங்கள். கதை யார், திரைக்கதை யார், வசனம் யார் என்று பாருங்கள். வேகமாக ஓடிவிடும், இரண்டு மூன்று நாள் பார்த்தால் பிடித்துவிடலாம். பெயர் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ‘ஹம் லோக்’, ‘புனியாத்’ பார்த்த அனுபவம் உள்ள பெரியவர்கள், யார் வீட்டில், எந்தப் பெட்டியில் பார்த்தீர்கள் என்று எழுதினால் எல்லோரும் படிப்போம். வட இந்தியாவில் வேலை பார்த்த நம் பிள்ளைகளுக்கு இன்னும் நிறையத் தெரிந்திருக்கும்.

எல்லோரும் நலமாக இருங்கள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மெதுவாகத்தான் தட்டச்சு செய்கிறேன், பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்